உப்பு எங்கிருந்து வந்தது?

மாசி மாசக் கடைசியில் சித்தப்பா போன் பண்ணினார். "கடல் உள்ள வந்துடுச்சுப்பா. பழைய போர் அவ்வளவுதான், வாயில வைக்க முடியல. முன்னூத்தம்பது அடி போனா நல்ல தண்ணி கிடைக்கும்னு போர்க்காரர் சொல்றார். நீ கொஞ்சம் உதவினா இந்தக் கோடையிலயே போட்டுடலாம்."

சித்தப்பா வீடு சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், கடலில் இருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் உள்ளே. வீட்டுக்குப் பின்னால் அறுபது அடியில் ஒரு போர் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். இப்போது அதில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, தென்னை ஓலையின் நுனி கருகுகிறது.

கேட்டது லட்சத்துச் சில்லறை. கொடுக்க மனமில்லாமல் இல்லை. ஆனால் இருபது வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோளாறு எதனால் என்று தெரியாமல் எதையும் மாற்ற மாட்டோம். கடல் நிஜமாகவே உள்ளே வந்துவிட்டது என்றால் இன்னும் ஆழமாகத் துளைப்பது சரியா? வரவில்லை என்றால் அந்த உப்பு எங்கிருந்து வந்தது? நான் நிலவியல் படித்தவன் அல்ல, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். இந்தக் கட்டுரை அடுத்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

முதலில் கையடக்கமான மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்று வாங்கினேன். தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் சுலபமாகப் பாயும், மீட்டரில் எண் ஏறும். அலகு மைக்ரோசீமென்ஸ். மழைநீர் சில பத்துகளில் நிற்கும், கடல்நீர் 50,000 பக்கம் போகும். இரண்டு நாள் சித்தப்பாவின் டிவிஎஸ் எக்செல்லில் ஊர் ஊராகப் போய் அளந்தோம். எங்கள் போர் 4,200. கோயில் குளத்தருகே உள்ள அடிபம்பு 1,100. கடற்கரை மணல்மேட்டில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் மீனவர் குடியிருப்பின் உறைகிணறு 700. நம்ப முடியாமல் மூன்று தரம் அளந்தேன். கடலோரக் கிணறு இனிக்கிறது, ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருப்பது கரிக்கிறது.

சித்தப்பாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "மணல்மேட்டுத் தண்ணி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். கையால தோண்டினாலே ஊறும்." அவருக்கு அது தெரிந்த விஷயம். ஏன் என்று கண்டுபிடித்துக் கணக்காக எழுத ஐரோப்பாவுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஆனது. நெதர்லாந்து ராணுவப் பொறியாளர் பாடன் கைபன் 1888-இலும், வடகடல் தீவு ஒன்றுக்குக் குடிநீர் தேடிய ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியாக எழுதிய ஒரே கணக்கு அது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால் மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு அடி மேலே இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். வகுத்துப் பாருங்கள், 1.000-ஐ 0.025-ஆல் வகுத்தால் 40.

கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கணக்கு திரும்பியும் கடிக்கும். நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கினால் கீழே உப்புநீர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறிவிடாது, களிமண் அடுக்குகள் தடுக்கும், வருஷங்கள் ஆகும். ஆனால் மோட்டாருக்கு நேர் கீழே மட்டும் உப்புநீர் கூம்புபோல எழும்பி வரலாம். மணல்மேட்டுக் கிணற்றில் வாளி போட்டு இறைக்கும்வரை தண்ணீர் இனிக்கும். அதே இடத்தில் ஐந்து எச்பி மோட்டாரை இறக்கினால் கரிக்க ஆரம்பித்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் இது நடந்தது. கடல் மேலே வந்து கிணறுகளை நிரப்பியதும், நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். உப்பு போகவில்லை. இல்லங்கசேகர குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. மிதமிஞ்சி இறைத்தால் மேலே வந்த உப்போடு கீழே இருக்கும் உப்பும் சேர்ந்து வரும். மழைதான் அதைக் கழுவ வேண்டும்.

நம் பக்கத்திலும் சுனாமிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையின் எஸ். சிதம்பரமும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, பரங்கிப்பேட்டையில் இருந்து பூம்புகார் வரையிலான கடற்கரையைப் பற்றியது. (ஊரும் சிதம்பரம், ஆய்வாளரும் சிதம்பரம். இணையத்தில் தேடுகிறவன் பாடு திண்டாட்டம்.) இதே துறையில் இருந்து கெடிலம் ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீர் வேதியியல் பற்றியும் வரிசையாகக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அளந்தது எவ்வளவு உப்பு என்பதை மட்டும். அவர்கள் கேட்பது எந்த உப்பு என்று.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. ஒரு கடலோர ஊரில் தண்ணீர் கரிக்க எத்தனையோ வழி இருக்கிறது. கடல் அடியில் ஊடுருவலாம். கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது முகத்துவாரம் வழியாக ஏற்றம் உள்ளே ஏறி, வெள்ளாறு, உப்பனாறு கரையோரம் கசியலாம். இறால் குட்டையில் இருந்து இறங்கலாம். பாசன நீர் வெயிலில் காய்ந்து உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகலாம். வீட்டு செப்டிக் டேங்க் கூட ஒரு காரணம்தான், நாம் சாப்பிடுகிற உப்பு எங்கேதான் போகும்? இவை எதுவும் இல்லாமல், பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் இந்த நிலத்தில் இருந்தபோது களிமண்ணில் சிக்கிக்கொண்ட உப்பாகவும் இருக்கலாம். பிச்சாவரத்துக்குப் போய் அந்தச் சேற்றைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இப்போது மேலே தெரிகிற அந்தச் சேறு, ஒரு காலத்தில் இன்னும் மேற்கே இருந்தது. ஆறுகள் மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டன.

கடைசியாகச் சொன்ன இந்தப் பழைய உப்பைப் புது உப்பில் இருந்து பிரித்துக் காட்டிய முக்கியமான வேலை, கொள்ளிடத்துக்குத் தெற்கே நம் பக்கத்து வீட்டில் நடந்தது. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி.எஸ். சுகிஜா குழு காரைக்கால், தஞ்சாவூர் கடலோர நிலத்தடி நீரை எடுத்து, மூன்று விதமாகச் சோதித்து 1996-இல் எழுதியது. ஒன்று சாதாரண வேதியியல். இரண்டாவது, கடல் உயிரினங்களும் தாவரங்களும் விட்டுச்சென்ற கரிமத் தடயங்கள், அதாவது ஒரு வகை ரேகைப் பதிவு. மூன்றாவது ரேடியோகார்பன், தண்ணீரின் வயது. கடல் இப்போது நுழைந்திருந்தால் தண்ணீர் இளமையாக இருக்கும், பழங்கடலின் மிச்சமாக இருந்தால் கிழமாக இருக்கும். எவ்வளவு எளிமையான யோசனை! கரிப்பு நாக்குக்கு ஒன்றுதான். ஆனால் புது உப்பு என்றால் இறைப்பதை நிறுத்த வேண்டும், பழைய உப்பு என்றால் நிறுத்தினாலும் அது அங்கேயே கிடக்கும்.

என்னிடம் ரேடியோகார்பன் வசதி கிடையாது. சாதாரண வேதியியல் மட்டும்தான் முடியும். தனியார் ஆய்வகம் ஒன்றில் இரண்டு பாட்டில் கொடுத்து சோடியம், குளோரைடு, கால்சியம், பைகார்பனேட் எல்லாம் கேட்டேன். எங்கள் போரில் குளோரைடு லிட்டருக்கு 900 மில்லிகிராம், சோடியம் 640. (குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் ஏற்கும் குளோரைடு 250. வேறு வழியே இல்லை என்றால் 1,000 வரை.)

இங்கே பார்க்க வேண்டியது சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம். உலகின் எந்தக் கடலில் எடுத்தாலும் அது ஏறக்குறைய 0.86. கடல்நீர் புதிதாக ஒரு நன்னீர்ப் படுகைக்குள் நுழையும்போது, அங்குள்ள களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே விடும். ஆக, தண்ணீரில் விகிதம் 0.86-க்குக் கீழே இறங்கும், கால்சியம் ஏறும். எதிர்த்திசையில், பழைய கடல்நீர் இருந்த படுகையை நன்னீர் மெல்லக் கழுவும்போது, களிமண் தான் பிடித்து வைத்திருந்த சோடியத்தைத் திருப்பிக் கொடுக்கும். அப்போது விகிதம் 0.86-க்கு மேலே போகும்.

640-ஐ 900-ஆல் வகுத்தேன். 0.71. கடல்தான்! உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, நீங்க சொன்னதுதான் சரி, கடல் உள்ளே வருது என்றேன். அவர் பெருமையாகச் சிரித்தார். ராத்திரி பதினொரு மணிக்கு எக்செல் ஷீட்டைத் திரும்பப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த 0.86 எடைக் கணக்கு இல்லை, மோல் கணக்கு. பிளஸ் டூ வேதியியல் வாத்தியார் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். சோடியத்தை 23-ஆலும் குளோரைடை 35.5-ஆலும் வகுத்துவிட்டுப் பார்த்தால் 1.10. முடிவு நேர் எதிர். கால்சியமும் குறைவு, பைகார்பனேட் அதிகம். கடல் உள்ளே வருகிற தண்ணீரின் லட்சணம் இது இல்லை. பழைய கடல் உப்பை நன்னீர் கழுவிக்கொண்டிருக்கிற இடத்தின் லட்சணம்.

ஒரே ஒரு விகிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பாறைச் சிதைவிலும் சோடியம் வரும். ஆனால் கடலோர மணல்மேடு இனிப்பது, நடுவில் உள்ள ஊர் கரிப்பது, இந்த விகிதம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. நான் குடித்த காலத்தில் ஏன் இனித்தது என்றால், அப்போது கையால் அடித்தோம், மேலாக நின்ற மழைநீர் வந்தது. இப்போது நாள் முழுக்க மோட்டார் ஓடுகிறது, மேலே இருந்த நல்ல தண்ணீர் தீர்ந்து களிமண்ணை ஒட்டிய தண்ணீர் வருகிறது. நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

காலையில் மறுபடி போன். "அப்ப கடல் வரலையா?" என்றார் சித்தப்பா. கொஞ்சம் ஏமாற்றம்.

சரி, அந்த முன்னூற்றைம்பது அடியில் இருக்கிற நல்ல தண்ணீர் யாருடையது? அது எங்கள் ஊர் மழை இல்லை. ஆற்று வண்டலுக்கு அடியில் கடலூர் மணற்பாறை என்று ஒரு படிவு படுத்திருக்கிறது. உலக நிலவியல் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர் அப்படித்தான் இடம் பிடித்தது. கடலூர் கேப்பர் மலையின் செம்மண், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண் மேடு, திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற இடம் எல்லாம் இதன் தலை வெளியே தெரிகிற பகுதிகள். அங்கே விழும் மழை உள்ளே இறங்கி, சாய்வான அடுக்குகளின் வழியாகக் கிழக்கே கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. வருஷத்துக்குச் சில மீட்டர்தான். ஐசோடோப்பு ஆய்வுகளில் மேற்கே இளந்தண்ணீரும், கிழக்கே வர வர ஆயிரக்கணக்கான வருஷ வயதும் தெரிகிறது. சித்தப்பா குடிக்கப்போகும் தண்ணீர், சோழர்கள் வீராணம் வெட்டுவதற்கு ரொம்ப நாள் முன்னால் பெய்த மழையாக இருக்கலாம்.

மேலே களிமண் மூடி, மேற்கே உயரமான மேடு. அதனால் இந்தத் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே பீறிட்டு வந்தது. நெய்வேலி பிறந்த கதையும் அதுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் அப்படி ஒரு கிணறு தோண்டும்போதுதான் தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1957 மே 20-ஆம் தேதி நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரிக்குக் கீழே உள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையான விசையில் மேலே தள்ளியது. மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே வெடித்து வெள்ளம் வந்துவிடும். அதனால் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் 1961-இல் நிலக்கரியைத் தொட முடிந்தது. அந்த இறைப்பு இன்றுவரை நிற்கவில்லை. இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயலுக்குப் போகிறது, அதில் விளைகிற நெல்லும் உண்டு. 2004-இல் வீராணம் வறண்டு கிடந்தபோது, சென்னைக்குப் போட்ட சுமார் 230 கிலோமீட்டர் குழாயை நிரப்பக் கை வைத்ததும் இந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில்தான். சுரங்கம், சென்னை, ஆயிரக்கணக்கான கரும்பு வயல், சித்தப்பா எல்லாரும் ஒரே கணக்கில் இருந்து எடுக்கிறோம்.

எங்கள் ஊரோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அளந்த பட்டியலில் ஒரு எண் மட்டும் ஒட்டாமல் நின்றது. பக்கத்துத் தெருக்காரர் மூன்று வருஷம் முன்னால் முன்னூறு அடிக்கு மேல் போர் போட்டிருந்தார். போட்டபோது தேன் மாதிரி இருந்ததாம். நான் அளந்தபோது 2,600. அதே ஆழத்தில், அரை கிலோமீட்டர் தள்ளி வயலில் இருக்கும் இன்னொரு போர் 900. கடல் வந்திருந்தால் இரண்டும் அல்லவா கரிக்க வேண்டும்?

கயிற்றில் கல் கட்டி இரண்டு போரிலும் நீர்மட்டம் பார்த்தோம். ஆழமான போரில் நீர்மட்டம், எங்கள் அறுபது அடிப் போரின் நீர்மட்டத்தைவிட நிறைய கீழே நின்றது. அங்கேதான் விஷயம் புரிந்தது. முன்பு ஆழத்து நீரின் அழுத்தம் அதிகம், ஓட்டை இருந்தால் நல்ல தண்ணீர் மேலே கசியும். இப்போது அழுத்தம் தலைகீழ். ஓட்டை இருந்தால் மேலே உள்ள உப்புத் தண்ணீர் கீழே இறங்கும். அந்த ஓட்டையைப் போட்டது யார்? நாம்தான். துளையின் விட்டம் பெரிது, உள்ளே இறக்கும் பிவிசி குழாய் சிறிது. நடுவில் உள்ள சந்தில் மேலிருந்து கீழ்வரை சரளையைக் கொட்டிவிட்டால், களிமண் அடுக்கு அத்தனை காலம் பிரித்து வைத்திருந்த இரண்டு தண்ணீருக்கும் ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. பக்கத்துத் தெருக்காரர் போரில் சரளை மேல்வரை கொட்டப்பட்டிருந்தது. குழாயிலும் பல இடத்தில் ஃபில்டர்.

கடலுக்குப் பயந்து ஆழமாகத் துளைக்கிற ஒவ்வொரு போரும், ஒழுங்காக அடைக்காவிட்டால், வராத கடலைத் தானே கீழே இறக்கி வைக்கிறது.

ஆகவே பணம் கொடுக்கச் சம்மதித்தேன், இரண்டு நிபந்தனையோடு. துளை போட்டதும் மின்தடை லாகிங் பார்க்க வேண்டும். உப்பு மணல் இருக்கும் உயரம் முழுக்க வெறும் குழாய் போட்டு, சந்தைக் களிமண்ணாலும் சிமெண்ட் கலவையாலும் அடைக்க வேண்டும். போர்க்காரருக்குக் கோபம். "சார், நாப்பது வருஷமா இந்த ஏரியாவுல போர் போடுறோம். லாகிங் சரி, நாங்களே பண்ணுவோம். சிமெண்ட் எல்லாம் யாரும் கேட்டதில்ல." அதற்கு ஆகும் கூடுதல் செலவு என்னுடையது என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

லாகிங் என்றால் எனக்கு இதுவரை சர்வரில் பார்க்கும் லாக் ஃபைல்தான். இங்கே கம்பியில் மின்முனைகளைத் துளைக்குள் இறக்கி, அடிக்கு அடி மண்ணின் மின்தடையை வரைபடமாக எடுக்கிறார்கள். உப்பு மணலில் தடை குறையும், நல்ல தண்ணீர் மணலில் கூடும். களிமண்ணிலும் தடை குறையும் என்பதால் இன்னொரு கோட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அந்தக் கை பழகிய கை. நூற்று நாற்பது அடிவரை உப்பு, அதன் கீழே தடித்த களிமண், இருநூற்று அறுபதுக்குக் கீழே நல்ல மணல். போர்க்காரர் அந்தக் காகிதத்தைக் காட்டி விளக்கிய தெளிவில் பாதிகூட எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. ஃபில்டர் குழாயும் சரளையும் நல்ல மணலோடு நின்றன, மேலே அடைப்பு. கலவை இறுக மூன்று நாள் மோட்டார் போடக் கூடாது என்றதற்குச் சித்தி முணுமுணுத்தார்.

புதுப் போர் 880. பழைய அறுபது அடிப் போரை மூடவில்லை, அது எந்தக் களிமண்ணையும் துளைக்கவில்லை. மாட்டுக் கொட்டகை கழுவவும் பாத்திரத்துக்கும் அந்தத் தண்ணீர். ஆழத்துத் தண்ணீர் குடிக்க, சமைக்க மட்டும். தென்னைக்குப் பாதிப் பாதி. சித்தி இதை மூன்று நாளாவது கடைப்பிடிப்பாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, கடைப்பிடிக்கிறார்.

பக்கத்துத் தெருக்காரரிடம் அவர் போரை அடைத்துவிடச் சொல்லிப் பார்த்தோம். "அவ்வளவு காசு கொட்டிப் போட்டதை மண்ணு போட்டு மூடவா?" என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த ஓட்டை வழியாக இறங்கும் உப்பு, இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் எங்கள் ஃபில்டருக்கும் வரலாம். எப்போது என்று கணக்கிடும் அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது.

மீட்டரைச் சித்தப்பாவிடமே விட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி அளந்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இந்த மாசம் எங்களுடையது 890. பக்கத்துத் தெருவுடையது 2,900. அந்த இரண்டாவது எண்ணை அளக்க வந்து மீட்டரை இரவல் வாங்கிப்போனது அந்தப் பக்கத்துத் தெருக்காரர்தானாம்.